சுற்றிவளைப்பால் உலை கொதிக்காது

2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு இலங்கையெங்கும் தட்டுப்பாடு. கிலோ 230 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது அரசு. சம்பாவுக்கு 240, கீரி சம்பாவுக்கு 260. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் உத்தியோகத்தர்கள் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் சோதனைக்குப் போனார்கள். அந்த நாட்களில் பஸ்ஸிலும் சந்தையிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஒரே பேச்சு: அரிசி இருக்கிறது, பதுக்கி வைத்திருக்கிறார்கள், நாலு பேரைப் பிடித்து உள்ளே போட்டால் தன்னால் வெளியே வரும்.

பேச்சு பழையது. 2021இல் சீனிக்கும், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் மிளகாய்க்கும் அரிசிக்கும் இதையேதான் சொன்னார்கள். ஆட்சிகள் மாறின, கொடிகளின் நிறம் மாறியது, இந்த நம்பிக்கை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நிலைத்துவிட்டது. விதி நல்ல விதிதான், அதை ஊர் மட்டத்தில் இறுக்கமாக நிறைவேற்ற ஆளில்லாததுதான் குறை என்பது இதன் சாரம். இறுக்கிப் பிடித்தால் ஏழையின் பானைக்கு அரிசி வந்துவிடும் என்பது இதன் வாக்குறுதி.

இந்தக் கருத்தை வைத்திருப்பவர்கள் கெட்ட நோக்கம் உள்ளவர்கள் அல்லர். பசித்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் மூட்டையை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறான் என்று கேட்டால் யாருக்கும் கொதிக்கும். பெரிய நெல் ஆலைகள் சில சேர்ந்து சந்தையை ஆட்டிப்படைக்கின்றன என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கொதிப்பைக் கடைத்தெருச் சோதனையாக மாற்றும்போது அது யார் மேல் இறங்குகிறது, யார் வயிற்றை அடிக்கிறது என்பதைத் தோட்டத்துப் பக்கமிருந்து பார்த்தவர்கள் குறைவு. அங்கிருந்து பார்த்தால் இந்த நம்பிக்கை மூன்று இடங்களில் உடைகிறது.

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் ஏ4 வீதியில், எஹலியகொடையைத் தாண்டி, இரத்தினபுரிக்குச் சற்று முன்னால் குருவிட்ட இருக்கிறது. குரு கங்கை, இரத்தினக்கல் அகழும் குழிகள், எரத்தன வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் பாதை, சிறைச்சாலை என்று ஊருக்கு அடையாளங்கள் பல. சுற்றியுள்ள மேடுகளில் தேயிலையும் இறப்பரும் நிற்கின்றன. அங்கே லயன்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நெல் விளைவிப்பதில்லை. விளைவிக்க அவர்களுக்கு நிலமும் இல்லை. அதே இரத்தினபுரி மாவட்டத்தின் மறுகோடியில், உடவளவைத் தண்ணீர் பாயும் எம்பிலிப்பிட்டியப் பக்கம், வயல்கள் விளைந்து கிடக்கும். பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் பெரிய ஆலைகள் இருக்கின்றன. ஆலையிலிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து ஊர்க் கடை, அங்கிருந்து தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சின்னக் கடை என்று கைமாறித்தான் அரிசி லயனுக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் விலை ஏறும். கடைசிக் கையில் கடன் கொப்பி இருக்கும்: பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்ப்பது.

இப்போது உச்ச விலை வருகிறது. சின்னக் கடைக்காரருக்கு மொத்த வியாபாரி, பில் எழுதாமல், உச்ச விலையை ஒட்டியோ அதற்கு மேலோ விலை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்த அரிசியை வாங்கி, ஏற்றுக்கூலி போட்டு, 230க்கு விற்க முடியாது. 240க்கு விற்றால் குற்றவாளி. 2021 செப்டெம்பரில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தியபோது தனிநபருக்குக் குறைந்த தண்டப்பணமே ஒரு இலட்சம் ரூபாய் என்றாக்கினார்கள். அதிகபட்சம் ஐந்து இலட்சம். கம்பனிகளுக்கு ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரை. பெரிய ஆலைக்கு ஐம்பது இலட்சம் ஒரு நாள் வியாபாரச் செலவு. தோட்டத்துக் கடைக்கு ஒரு இலட்சம் என்றால் கடையே போய்விடும். ஆகவே புத்தியுள்ள கடைக்காரர் எளிய முடிவுக்கு வருகிறார்: நாட்டரிசி எடுப்பதை நிறுத்திவிடுகிறார். சட்டம் அவர் கடையில் முழு வெற்றி பெற்றுவிட்டது. சோதனைக்கு வந்தவர் விலைப்பட்டியலைப் பார்த்து, குறையில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம்.

நட்டம் யாருக்கு? டவுனில் இருக்கும் ஆசிரியருக்கு இல்லை. அவர் காசு கொடுத்து அரசுக் கடையான சதொசவிலோ பெரிய சுப்பர் மார்க்கட்டிலோ கிடைத்ததை வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் சம்பா வாங்குவார். தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. சதொசவில் கடன் கொப்பி கிடையாது. பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றால் அன்றைய பேர் போய்விடும். பேர் போனால் நாட்சம்பளம் போய்விடும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 230 ரூபாய் அரிசி ஆறு கிலோகூட வராது. அரிசிக்காக அந்தச் சம்பளத்தையும் இழக்கச் சொல்கிறது இந்தச் சட்டம். கடைக்காரர் பத்து ரூபாய் கூட்டி வைத்துக் கடனுக்குக் கொடுத்த அரிசி அநியாய விலை அரிசிதான். ஆனால் அது சட்டியில் வெந்தது. சட்டப்படி 230 ரூபாய் அரிசி பத்திரிகையில்தான் இருந்தது.

முதல் உடைவு இதுதான். உள்ளூர்ச் சோதனை சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் பிடிக்கிறது, ஏனென்றால் கைக்கெட்டுவது அது ஒன்றுதான். ஆலையின் களஞ்சியத்தைக் கணக்கிட நிபுணர் வேண்டும், அரசியல் துணிவு வேண்டும். சந்தைத் தெருக் கடையில் விலைப்பட்டியல் தொங்குகிறதா என்று பார்க்க ஒரு வாகனமும் இரண்டு உத்தியோகத்தர்களும் போதும்.

இரண்டாவது உடைவு, பதுக்கிய அரிசி என்ற கணக்கில் இருக்கிறது. 2021 ஓகஸ்ட் கடைசியில் அவசரகால விதிகளைப் பிறப்பித்து, அத்தியாவசியச் சேவைகளுக்கு ஓர் ஆணையாளர் நாயகமாக இராணுவ மேஜர் ஜெனரல் ஒருவரையே அரசு நியமித்தது. நெல், அரிசி, சீனிக் களஞ்சியங்களைக் கையகப்படுத்தும் அதிகாரம் அவருக்கு. சீனிக் களஞ்சியங்கள் சீல் வைக்கப்பட்டன, படங்கள் வெளிவந்தன. நாட்டரிசி 98 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. இதைவிட இறுக்கமான நடைமுறைப்படுத்தலை யாரும் கேட்க முடியாது. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. செப்டெம்பர் முடியுமுன்னே அரிசியின் உச்ச விலையை அரசே நீக்கியது. அடுத்த மாதம் பால்மா, கோதுமை மா, எரிவாயு ஆகியவற்றின் கட்டுப்பாட்டையும் கைவிட்டது. காரணம் வேறெங்கோ இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உரத்துக்கு விதித்த தடை, கையிருப்பில் டொலர் வற்றியது, கப்பலில் வந்த சரக்கை இறக்கப் பணமில்லாதது. இவற்றில் எதையும் குருவிட்டக் கடைத்தெருவில் சோதனை போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது.

2024 டிசம்பரிலும் சந்தைக்கு மூச்சுக் கொடுத்தது இறக்குமதி. அரிசி கொண்டுவர அனுமதி திறந்ததும் சில வாரங்களில் ஒன்றரை இலட்சம் தொன்னுக்கு மேல் வந்து இறங்கியது. சோதனைகள் அதே நாட்களில் நடந்ததால் சோதனையால் வந்தது போலத் தோன்றியது. ஒரே நேரத்தில் நடந்த இரண்டில் எது காரணம் என்று கேட்காமல் விட்டதால்தான் இந்த நம்பிக்கைக்கு ஒவ்வொரு முறையும் புது உயிர் கிடைக்கிறது.

இந்த நம்பிக்கை பொய்த்ததற்கு மிகக் கொடிய சாட்சி வங்காளத்தில் இருக்கிறது. 1943 ஜூனில் வங்காள மாகாண அரசு, குடிமைப் பொருள் அமைச்சர் சுஹ்ரவர்தியின் பொறுப்பில், உணவு வேட்டை ஒன்றை நடத்தியது. அரிசி பற்றாக்குறை இல்லை, பதுக்கல்தான் பிரச்சினை என்பதே அதன் அடிப்படை. கிராமம் கிராமமாக வீட்டுக் குதிர்களைக் கணக்கெடுத்தார்கள். பெரும் வர்த்தகர்கள் இருந்த கல்கத்தாவையும் ஹௌராவையும் தொடக்கத்தில் விட்டுவிட்டார்கள். தேடிய பதுக்கல் பெரிதாக அகப்படவில்லை. அடுத்த மாதங்களில் மக்கள் செத்து விழுந்தார்கள். இருபது இலட்சத்துக்கு மேல். கடைசியில் உதவியது என்ன? வெளியிலிருந்து வந்த தானியமும், 1944 தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்த முறையான பங்கீடும். அந்த வேட்டையில் முதலில் சோதிக்கப்பட்டவர்கள் யார், முதலில் விடப்பட்டவர்கள் யார் என்பதைப் பாருங்கள். எளியவரிடம் தொடங்கி வலியவரிடம் போவதற்குள் மூச்சு நின்றுவிடும் சோதனை அது.

மூன்றாவது உடைவு சப்ரகமுவத் தோட்டங்களுக்கே உரியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலங்கையில் கடும் நடைமுறைப்படுத்தலை ஆதரிப்போர் எழுபதுகளையே முன்னுதாரணமாகக் காட்டுவார்கள். உள்நாட்டு உற்பத்தியைக் காப்பாற்றிய காலம், சுயமரியாதையோடு மரவள்ளி தின்ற காலம் என்று அவர்கள் சொல்வார்கள்.

1972க்கும் 1974க்கும் இடையில் உலகச் சந்தையில் அரிசி விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. தேயிலைக்குக் கிடைத்த விலையால் அதை எட்ட முடியவில்லை. 1973இல் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொடுத்த அரிசியை வெட்டினார்கள். மாவின் விலையும் சீனியின் விலையும் ஏறின. நெல்லை நெல் சந்தைப்படுத்தும் சபை மட்டுமே வாங்கலாம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் அரிசியைப் பெருமளவில் ஊர்விட்டு ஊர் கொண்டு போகக் கூடாது என்ற விதிகள் வந்தன. வீதிகளில் தடைகள் போட்டு பஸ்களை நிறுத்திப் பைகளைத் துழாவினார்கள். சிங்களத்தில் அந்தத் தடைக்குப் பெயரே ‘ஹால் பொல்ல’. சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறு விற்கக் கூடாது என்ற விதியும் வந்தது.

இவ்வளவும் ஏட்டளவில் எல்லோருக்கும் ஒன்றுதான். நடைமுறையில் ஒன்றாக இருக்கவில்லை. கிராமத்துச் சிங்கள விவசாயிக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருந்தது. ஈரப்பலா மரம் இருந்தது, மரவள்ளி ஊன்றினார். உணவு உற்பத்திப் போர் என்று அரசு முழங்கியபோது அதில் சேர அவருக்கு மண் இருந்தது. லயன் அறையில் இருந்தவருக்கு வாசலுக்கு முன்னால் ஒரு பாத்தி இருந்தால் அதிசயம். அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். அவருக்கு உணவு என்றால் கூப்பன், அல்லது காசு. கூப்பன் குறைந்தது. காசும் குறைந்தது: காணிச் சீர்திருத்தம் வருகிறது என்ற பேச்சில் தனியார் தோட்டங்கள் பராமரிப்பை நிறுத்தின, வேலை நாட்கள் சுருங்கின. கூப்பனும் குறைந்து காசும் குறைந்தபின் மிஞ்சியிருந்த ஒரே வழி, பக்கத்துக் கிராமத்தில் தெரிந்த விவசாயியிடம் கொஞ்சம் நெல்லோ அரிசியோ வாங்கிக் கொண்டு வருவது. குருவிட்ட போன்ற ஊர்களில் தோட்டமும் சிங்களக் கிராமமும் தோளோடு தோள் உரசி இருப்பதால் நுவரெலியாத் தோட்டங்களைவிட இங்கே அது எளிதாகவும் இருந்திருக்கும். அந்த வழியைத்தான் வீதித் தடை அடைத்தது.

அன்றைய விதியை எழுதியவர்கள் மனதில் லொறி வைத்திருந்த கள்ளச் சந்தைக்காரர் இருந்தார். லொறிக்காரருக்குத் தடையைத் தாண்டத் தெரியும். ஆளைத் தெரியும், நேரம் தெரியும், கொடுக்க வேண்டியதும் தெரியும். தடையில் நின்றது பஸ்ஸில் வந்த பை. தமிழ் மட்டும் பேசத் தெரிந்த, நாட்டின் பிரஜை என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லாத தொழிலாளியின் பை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்துக் கணக்கெழுதி, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தது. அப்படிப்பட்டவர் உத்தியோகத்தர் ஒருவரிடம் போய் என் அரிசியைத் திருப்பித் தாருங்கள் என்று எந்த மொழியில், எந்த உரிமையில் கேட்பார்? உள்ளூர் நடைமுறைப்படுத்தல் என்பது எப்போதும் உள்ளூர் அதிகாரச் சமநிலையோடுதான் நடக்கிறது. வாக்கில்லாதவர் மேல் விதி முழு எடையோடு விழும், செல்வாக்குள்ளவரிடம் அதே விதி வளையும்.

விளைவு இறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. நாட்டின் இறப்பு வீதம் 1973இல் ஆயிரத்துக்கு 7.7; 1974இல் அது 9ஐ ஒட்டி ஏறியது. அந்த ஏற்றம் தீவு முழுவதும் சமமாகப் பரவவில்லை. நாட்டின் சிசு மரணம் ஆயிரத்துக்கு 51 ஆக இருந்த ஆண்டில் தோட்டங்களில் அது நூறைத் தாண்டியது. மலையகத்துக் குடும்பங்கள் கண்டி, ஹட்டன் போன்ற நகரங்களின் தெருக்களில் கையேந்தி நின்றதை அந்தக் காலத்து மக்கள் மறக்கவில்லை. எழுபதுகளின் பங்கீட்டை மேன்மையாகப் பேசும் எவரும் இந்தப் பிள்ளைகளின் மரணத்தைக் கணக்கில் வைத்துத்தான் பேச வேண்டும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பார் இன்னொன்று சொல்வார்கள்: அப்படியானால் பங்கீடே வேண்டாமா, எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடலாமா? இல்லவே இல்லை. பங்கீடு இந்தத் தீவின் மக்களை முப்பத்தைந்து ஆண்டுகள் காப்பாற்றியது. அது எப்போது காப்பாற்றியது, எப்படிக் காப்பாற்றியது என்பதில்தான் தகராறு.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. இலங்கை தின்ற அரிசியின் பெரும்பகுதி கடல்கடந்து வந்ததே; அதில் பர்மா அரிசிதான் முதன்மை. அது ஒரே மாதத்தில் நின்றது. ஏப்ரலில் கொழும்பின் மேலும் திருகோணமலையின் மேலும் குண்டு விழுந்தது. பஞ்சம் வரவேண்டிய எல்லாக் காரணமும் இருந்தும் வங்காளத்தில் நடந்தது இங்கே நடக்கவில்லை. ஆளுக்கு ஆள் கூப்பன் புத்தகம் கொடுத்தார்கள். அதற்கு அரிசி போதாத இடத்தில் கோதுமை மாவைக் கப்பலில் கொண்டுவந்து நிரப்பினார்கள். கூட்டுறவுக் கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. உணவுப் பொறுப்பை ஒலிவர் குணதிலக்கவிடம் ஒப்படைத்து, கப்பல் பிடிப்பதிலிருந்து கடைக்குப் பிரிப்பது வரை ஒரே கையில் வைத்தார்கள். கள்ளச் சந்தை அப்போதும் இருந்தது, வழக்குகளும் நடந்தன. ஆனால் கூப்பனைக் கிழித்தால் கையில் ஏதோ ஒரு தானியம் விழுந்தது.

அதற்கும் முன்னாலேயே இதன் விதை தோட்டச் சட்டத்தில் இருந்தது. இந்தியத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலிக்கான 1927ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், குறித்த விலைக்கு மேற்படாமல் தொழிலாளிக்கு அரிசி கொடுக்க வேண்டும் என்று தோட்டத்தைக் கட்டியது. துரைமார் அதைக் கருணையால் ஏற்கவில்லை. இந்திய அரசின் நெருக்குதல் இருந்தது, அரிசிக் கடனால் தொழிலாளியைக் கட்டிப்போட்ட கொடுமையும் தொடர்ந்தது. அப்படியிருந்தும் அந்தச் சட்டத்தின் முகம் சரியான திசையில் பார்த்தது. கொடுக்க வேண்டியவர் கொடுத்தாரா என்று அது கேட்டது. எழுபதுகளின் வீதித் தடை, வாங்கியவர் ஏன் வாங்கினார் என்று கேட்டது. இந்த இரண்டு கேள்விக்கும் இடையில்தான் உயிரும் சாவும் கிடந்தன.

குருவிட்டக்காரர்கள் பெருமையோடு நினைக்க வேண்டிய ஓர் அத்தியாயமும் இதில் உண்டு. 1952 டிசம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க பீகிங் போய்ச் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தார். ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி. அமெரிக்காவின் கோபத்தையும் மீறிச் செய்த வேலை. இறப்பருக்குச் சந்தையைவிடக் கூடுதல் விலை, அரிசிக்குக் குறைந்த விலை. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை மாவட்டங்களில் இருட்டோடு எழும்பிப் பால் வெட்டியவர்கள்தான் நாட்டின் கூப்பன் அரிசிக்குக் காசு கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலான தமிழர்களுக்கு அந்த ஆண்டு மே மாதம் நடந்த தேர்தலில் வாக்கே இல்லை. அரிசி வந்தது, பங்கீடு நிலைத்தது. கடைகளில் சோதனை போட்டு அல்ல, கப்பலில் அரிசியைக் கொண்டுவந்து அந்த ஆண்டுகளைக் கடந்தார்கள். ஆனால் ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டே கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு அரசு விலையை ஏற்றியதும் 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடிப் பேச வேண்டியதாயிற்று, பிரதமர் டட்லி சேனாநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார். பங்கீட்டு விதியை அரசு மீறியபோது அரசைத் தண்டித்தார்கள் மக்கள். இந்தத் தீவில் உணவு விதி உண்மையாகவே நடைமுறைப்படுத்தப்பட்ட நாள் எது என்று கேட்டால் அந்த நாளைச் சொல்லலாம்.

வெளிநாட்டு உதாரணம் தேடுவோர் போர்க்காலப் பிரித்தானியாவைக் காட்டுவார்கள், அங்கே கட்டுப்பாடு எவ்வளவு கண்டிப்பு என்று. கண்டிப்பு இருந்தது. ஆனால் அந்த முறையின் முதுகெலும்பு வேறு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு கடையில் பதிந்துகொள்ளும். பதிந்த ஆட்களின் கணக்குக்கு ஏற்ற சரக்கு அந்தக் கடைக்குப் போகும். கடைக்காரருக்குச் சரக்கு உறுதி, ஆகவே விலையைக் கூட்ட வேண்டிய நெருக்கடி இல்லை. பாணுக்குப் போர் முடியும்வரை பங்கீடே போடவில்லை. கொடுக்க முடியாததை வாக்களிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அவர்களுக்கு இருந்தது.

அக்கரையில் தமிழ்நாட்டைப் பார்த்தாலும் இதே பாடம். 1997இல் இந்திய நடுவண் அரசு பங்கீட்டை வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்க்கு என்று சுருக்கியபோது தமிழ்நாடு மறுத்து எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். கேரளத்துக்கு ரேஷன் அரிசி கடத்துவது அங்கே இன்றும் நடக்கிறது. பிடிக்கத் தனிப் பொலிஸ் பிரிவே இருக்கிறது. ஆனால் வீட்டில் சோறு வேகுவது அந்தப் பிரிவின் திறமையால் அல்ல. மாதம் பிறந்தால் ரேஷன் கடையில் அரிசி இருப்பதால். 2013ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: உரிய தானியத்தை அரசு கொடுக்கத் தவறினால் அதற்கு ஈடாகப் பணம் கொடுக்க வேண்டும் என்று எழுதியது. சொன்னபடி எப்போதும் நடக்கிறதா என்பது வேறு கதை. சட்டத்தின் விரல் யாரைச் சுட்டுகிறது என்பதே இங்கே பேச்சு.

இலங்கை எதிர்த்திசையில் போனது. 1978 தொடக்கத்தில் பங்கீடு மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. 1979 செப்டெம்பரில் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. வீதித் தடையை ஒழித்தவர்கள் பங்கீட்டையும் சேர்த்து ஒழித்தார்கள். அதை விடுதலை என்று கொண்டாடுவோர் முத்திரையில் அச்சிட்ட தொகையைப் பார்க்க வேண்டும். அது அசையாமல் நிற்க, விலைவாசி ஏறியது. 1982 ஆகும்போது முத்திரையின் வாங்கும் பெறுமதி பாதியளவாக விழுந்துவிட்டது. தோட்டத்தின் கதை அதைவிட மோசம். டவுனில் வியாபாரம் செய்பவர் தன் வருமானத்தைத் தானே எழுதிக் கொடுத்தார். தோட்டத் தொழிலாளியின் வருமானம் செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் சதக் கணக்காக எழுதியிருந்தது. புருஷனும் பெண்சாதியும் வேலை செய்தால் இரண்டு பெயரும் அதில் இருக்கும். விதியைப் பிசகாமல் நிறைவேற்றியதாலேயே தோட்டத்து மக்களில் பெரும்பகுதியினர் முத்திரைக்கு வெளியே நின்றார்கள். நேர்மையான பதிவு அவர்களுக்குத் தண்டனையாயிற்று.

இன்றைய அஸ்வெசும நிவாரணத் திட்டம் வரை இந்தப் பட்டியல் அரசியல் ஓயவில்லை. வறுமையை மறுபடி கணக்கிட்டபோது 2019இல் நாட்டில் 14.3 வீதமானோரும், தோட்டப் பகுதியில் 33.8 வீதமானோரும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நெருக்கடிக்குப் பிறகு 2022இலும் 2023இலும் ஐ.நா.வின் உணவு நிறுவனங்கள் எடுத்த மதிப்பீடுகளில் உணவுப் பாதுகாப்பின்மை ஆக அதிகமாக இருந்ததும் தோட்டங்களில்தான். 2022 மே மாதம் தமிழ்நாட்டு அரசு அனுப்பிய முதல் கப்பலில் 9,000 தொன் அரிசி வந்தது; பின்னர் மொத்தம் 40,000 தொன். அந்த ஆண்டு தோட்டத்துக்கு அரிசி இப்படித்தான் வந்தது: எங்கிருந்தோ ஒருவர் ஏற்றி அனுப்பினார், யாரோ லயன் வாசல் வரை கொண்டுவந்து இறக்கினார்கள்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் இருக்கிறது, அது வலுவானது. சோதனையை நிறுத்தினால் சின்னக் கடைக்காரரும் கொள்ளையடிக்க மாட்டாரா? சிலர் அடிப்பார்கள். தராசில் குறைப்பார்கள், பழுதான அரிசியைக் கலப்பார்கள், கடன் கொப்பியில் இரண்டு தரம் எழுதுவார்கள். இவை குற்றங்கள், இவற்றைப் பிடிக்கத்தான் வேண்டும். நிறைகளையும் அளவைகளையும் சோதிக்கும் உத்தியோகத்தர் தோட்டத்துக் கடை வரை ஏறி வந்து தராசைப் பார்த்தால் அதை எல்லோரும் வரவேற்பார்கள், ஏனென்றால் தராசு திருந்தினால் அரிசி மறைந்துபோகாது. விலை அப்படியல்ல. கொள்முதல் விலையைக் கட்டாமல் விற்பனை விலையைக் கட்டினால் சரக்குத்தான் மறையும்.

ஆகவே குருவிட்டப் பிரதேச செயலகத்திடமும் கொழும்பிடமும் கேட்க வேண்டியது வேறு. ஐந்தாறு பெரிய ஆலைகள் வாரத்துக்கு வாரம் தங்கள் நெல் இருப்பைத் தெரிவிக்க வேண்டும், அந்தக் கணக்கு வெளியே ஒட்டப்பட வேண்டும். பொய்க் கணக்குக் கொடுத்தால் ஐம்பது இலட்சமும் அதற்கு மேலும் அங்கே போகட்டும். மொத்த வியாபாரி பில் இல்லாமல் விற்றால் பிடிபட வேண்டியவர் அவர், வாங்கிய கடைக்காரர் அல்லர். உச்ச விலையை அறிவிக்கும் அரசு அதே விலைக்குத் தானே சரக்கைத் தருவதற்கு எங்கே, எத்தனை கிலோ, எந்தத் திகதியில் என்பதையும் அதே வர்த்தமானியில் எழுத வேண்டும். தவறினால் அஸ்வெசும பெறும் குடும்பத்துக்கும், பெயர் விடுபட்ட தோட்டக் குடும்பத்துக்கும் ஈட்டுப் பணம் கொடுக்கக் கடமைப்பட வேண்டும். சதொச லொறி தோட்டங்களுக்குச் சம்பள நாளுக்கு மறுநாள், வேலை விட்ட பிறகு வர வேண்டும். பகல் பத்து மணிக்கு வந்தால் பால் வெட்டுபவரும் கொழுந்து எடுப்பவரும் மலையில் நிற்பார்கள். தோட்டக் கூட்டுறவுக் கடை இருக்கும் இடங்களில் அதற்கு மொத்த விலையில் கடனுக்குச் சரக்குக் கொடுத்தால், கடன் கொப்பி தனியார் கையிலிருந்து அங்கே நகரும். இதற்கெல்லாம் ஆளும் வாகனமும் பணமும் வேண்டும் என்பார்கள். டிசம்பர் மாதச் சோதனைகளுக்கு அந்த ஆளும் வாகனமும் பணமும் இருந்தன.